மூணு தரம் கூவுமுன்: பழங்காசு ஏலத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

நம் பகாங் மலைப் பக்கம், பிரிஞ்சாங்கிலும் சுங்கை பாலாஸ் தோட்டத்திலும் கியா பார்ம் பக்கத்திலும் பிள்ளைகளுக்குப் பழங்காசு மோகம் பிடித்திருக்கிறது. நல்ல மோகம்தான். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடந்த சதுரக் காசில் ஆரம்பிக்கிறீர்கள். கொஞ்ச நாளில் லண்டன், சிங்கப்பூர், ஹாங்காங் என்று போனிலேயே ஏலம் கேட்கப் போய்விடுகிறீர்கள். போன வேகத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்து புலம்பலும் ஆரம்பம். "கடைசி விநாடியில எவனோ தட்டிக்கிட்டுப் போயிட்டான் மாமா." "நான் கேட்டது 800 வெள்ளி, பில்லு 1,080ன்னு வருது." "சரியா அந்த நேரம் பார்த்து லைன் போயிருச்சு."

எல்லாப் புலம்பலுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கடிகாரம் ஓட ஓட, விலையை முடிவு பண்ணுகிறீர்கள். ஒரு காசுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பது முதல் நாளே, பகல் வெளிச்சத்தில், புத்தகத்தையும் தராசையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவாக வேண்டிய சங்கதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. எழுதியே தருகிறேன்.

1. முதலில் காசைக் கையில் பிடித்துப் பழகு

ஏலத்தில் கேட்பதற்கு முன் நீ சேர்க்க நினைக்கும் காசின் கதையும் எடையும் மனப்பாடமாக இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஆசைப்படுகிற ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் வெள்ளி டாலரையே எடுத்துக்கொள். 1903 வரைக்கும் இந்த நாட்டில் புழங்கிய பெரிய வெள்ளிக்காசுகளில் முக்கியமானவை மெக்சிகோ டாலரும் பிரிட்டிஷ் வர்த்தக டாலரும்தான். 1903இல்தான் எட்வர்ட் மன்னர் தலை போட்ட சொந்த டாலர் வந்தது. எடை 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. பம்பாய் நாணயசாலையில் அடித்ததால் பலவற்றில் 'பி' என்ற எழுத்து இருக்கும். அந்த எழுத்து சிலவற்றில் உள்ளே பதிந்திருக்கும், சிலவற்றில் மேலே எழும்பியிருக்கும். இரண்டுக்கும் விலை ஒன்றல்ல.

1906இல் ஒரு டாலருக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று மதிப்பைக் கட்டினார்கள். அந்த நேரம் பார்த்து வெள்ளி விலை ஏறியது. காசாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை. அதனால் 1907இல் டாலரைச் சிறிதாக்கி 20.21 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். 1919இல் இன்னும் குறைத்து 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. ஆக ஒரே பெயரில் மூன்று எடை. போனில் படம் பார்க்கும்போது மூன்றும் ஒரே அளவாகத்தான் தெரியும். போலி அடிப்பவன் அச்சில் ஏமாற்றிவிடுவான். எடையும் விட்டமும் தடிமனும் மூன்றும் ஒருசேரப் பொருந்தும்படி அடிப்பது அவனுக்குச் சிரமம். ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசு அதிக விலை இல்லை. முதல் காசு வாங்குமுன் அதை வாங்கு. ஏல விவரத்தில் எடை போடாமல் விட்டிருந்தால் எழுதிக் கேள். பதில் வரவில்லை என்றால் அந்த லாட்டை விட்டுவிடு.

புத்தகம் என்றால் சரண் சிங் எழுதிய மலேசியா, சிங்கப்பூர், புருணை நாணயக் கலைக்களஞ்சியம். 1400 முதல் 1986 வரைக்கும் உள்ளதெல்லாம் அதில் இருக்கிறது. ஏலப் பட்டியலில் 'எஸ்.எஸ்.' என்று போட்டு ஓர் எண் கொடுத்திருந்தால் அது அந்தப் புத்தகத்து எண். எண்ணை வைத்துப் புத்தகத்தைப் புரட்டு. பட்டியல்காரர் சொல்லும் ரகமும் படத்தில் இருக்கும் ரகமும் ஒன்றுதானா என்று நீயே பார். பட்டியல் எழுதுபவரும் மனுஷர்தான், நூற்றுக்கணக்கான லாட்டை அவசர அவசரமாக எழுதுகிறார். அவர் தவறவிட்டதைக் கண்டுபிடிப்பவனுக்கு எந்த ஏலத்திலும் காசு மலிவாகக் கிடைக்கும்.

2. பழையது எல்லாம் அரிதல்ல

சதுரக் காசு லட்சக்கணக்கில் அடித்தது. ஜப்பான்காரன் காலத்து வாழைமரப் பத்து டாலர் நோட்டும் அப்படித்தான். 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதமாகி வீடு வீடாகக் கிடந்தது. இவற்றில் செம்பின் செந்நிறம் மங்காத காசும் மடிப்பே விழாத நோட்டும்தான் ஏலத்துக்குப் போகத் தகுந்தவை. மற்றதை ஈப்போ பழம்பொருள் கடையில் பேரம் பேசி வாங்கிக்கொள்ளலாம். தபால் செலவாவது மிஞ்சும்.

நிஜமாகவே கிடைக்காதது என்றால் 1941 தேதி போட்ட சரவாக் ஒரு சென்ட் மாதிரி. அது உன் பட்ஜெட்டுக்கு வராது, என் பட்ஜெட்டுக்கும் வராது. அதைப் பற்றிக் கவலைப்படாதே.

3. கணக்கைத் தலைகீழாகப் போடு

'மூணு தரம்' சொல்லி முடித்த விலை நீ கட்டப்போகும் விலை அல்ல. அதற்கு மேல் வாங்குபவர் கமிஷன் என்று ஒன்று உண்டு. 1975இல் லண்டனில் பெரிய ஏலக் கம்பெனிகள் இரண்டும் பத்து விழுக்காட்டில் தொடங்கி வைத்த வழக்கம் அது. இன்றைக்கு இருபது என்பது சாதாரணம், அதற்கு மேலும் உண்டு. இணையத் தளம் வழியாகக் கேட்டால் அந்தத் தளத்துக்கு மூன்றோ ஐந்தோ விழுக்காடு தனி. சில நாடுகளில் கமிஷன் மேலேயும் வரி போடுவார்கள். பிறகு காப்புறுதியோடு தபால், கார்டுக்காரன் பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பத்து விழுக்காடு விற்பனை வரியும் இருக்கிறது.

ஆகவே கேள்வியை இப்படிப் போடு: காசு என் வீட்டு மேசைக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகலாம்? உதாரணத்துக்கு 1,000 வெள்ளி என்று வை. தபாலும் காப்புறுதியும் 120. மிச்சம் 880. கமிஷன் இருபதும் தளக் கட்டணம் ஐந்தும் சேர்ந்து இருபத்தைந்து விழுக்காடு என்றால் 880ஐ ஒன்றேகாலால் வகுக்க வேண்டும். 704 வருகிறது. நீ கேட்க வேண்டியது 700. அதற்கு 140 கமிஷன், 35 கட்டணம், 120 தபால், எல்லாம் சேர்த்து 995. இந்த 700 என்ற எண்ணை ஒரு சீட்டில் பேனாவால் எழுதி வை. போனில் எழுதினால் அழித்து மாற்றுவது சுலபம், அதனால்தான் பேனா என்கிறேன்.

வாசலில் வந்து 1,080க்கு அழுதாயே தம்பி, அதுவும் இதே கணக்குத்தான். 800க்கு 160, அப்புறம் 40, தபால் 80. ஏலக்காரர் ஒரு சென்ட்கூடக் கூட்டி வாங்கவில்லை. நிபந்தனைப் பக்கத்தில் எல்லாமே எழுதியிருந்தது.

4. உச்ச விலையைக் கொடுத்துவிட்டுப் போய் வேலையைப் பார்

பெரும்பாலான தளங்களில் நீ உன் உச்ச விலையைப் போட்டு வைத்தால், அந்த இயந்திரம் உனக்குப் பதிலாகப் படிப்படியாகக் கேட்கும். 300இல் நிற்கிறது, ஒரு படி 20 வெள்ளி, உன் உச்சம் 500, இன்னொருவரின் உச்சம் 420 என்று வை. உனக்கு 440க்கு விழும். உன் 500 முழுவதையும் பிடுங்கிக்கொள்ளாது. இரண்டு பேர் ஒரே உச்சத்தைப் போட்டிருந்தால் முதலில் போட்டவருக்கே. அதனால் நேரத்தோடு போடுவதில் லாபம் உண்டு.

இதில் படித்தவர்கள் மூளையும் போயிருக்கிறது. வில்லியம் விக்ரி என்ற பொருளியல் பேராசிரியர் 1961இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஜெயித்தவர் இரண்டாவது ஆள் சொன்ன விலையைக் கட்டினால் போதும் என்ற ஏலத்தில், தன் மனசில் உள்ள விலையை உள்ளபடி சொல்வதே எவருக்கும் லாபம் என்றார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்பவன் எதிராளிக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறான், தன் சூட்டையும் ஏற்றிக்கொள்கிறான்.

"உச்சத்தைச் சொல்லிட்டா அவனுங்க அது வரைக்கும் ஏத்திவிட மாட்டானுங்களா மாமா?" நியாயமான கேள்வி. அடுத்ததில் சொல்கிறேன்.

5. எதிரில் கேட்பவன் யார்?

விற்பவனே கூட்டாளியை விட்டு விலையை ஏற்றுவது ஏலம் பிறந்த நாளிலிருந்து இருக்கிறது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் இதைப் பற்றிப் பேசுகிறது. விற்பவர் கேட்கும் உரிமையை முன்கூட்டியே அறிவிக்காமல் தானோ தன் ஆளோ கேட்டால், அந்த விற்பனையை மோசடி என்று வாங்குபவர் தள்ளிவிடலாம். சட்டம் இருக்கிறது; ஆனால் முகநூல் ஏலத்தில் கள்ளப் பெயரில் கேட்ட ஆளை எங்கே போய்ப் பிடிப்பாய்?

கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று. ஒரே விற்பனையாளரிடம் நீ வாங்குவதெல்லாம் உன் உச்சத்துக்கு ஒரு படி கீழேயோ சரியாக உச்சத்திலேயோ விழுந்துகொண்டே இருந்தால், அங்கே போவதை நிறுத்து. சண்டை போடாதே, நிரூபிக்க முடியாது. இன்னொரு அடையாளம்: போன வாரம் 'விற்றுப் போன' அதே காசு, அதே கீறல், இந்த வாரம் மறுபடி வருகிறது. வாங்கியவர் பணம் கட்டாமல் ஓடியிருக்கலாம், அதுவும் நடப்பதுதான். இரண்டு மூன்று தடவை அப்படி வந்தால் கட்டாமல் ஓட ஆளே இருந்திருக்காது.

குறைந்தபட்ச விலை என்று விற்பவர் ரகசியமாக வைத்திருப்பது வேறு சங்கதி. அது முறைப்படியானது. அந்த விலையைத் தொடும் வரைக்கும் ஏலம் கூவுபவர் விற்பவர் சார்பாகக் கேட்கலாம் என்று பல கம்பெனிகளின் நிபந்தனையிலேயே இருக்கும். படிக்காமல் சரி என்று தட்டிவிட்டுக் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

6. நேரலை ஏலமும் நம்ம ஊர் லைனும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோலாலம்பூர்ப் பையன்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. நாம் ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறோம். மத்தியானம் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கினால் எதிர் மலை தெரியாது. அக்டோபர், நவம்பரில் மழை பிடித்தால் எங்காவது மண் சரியும், மின்சாரம் போகும், அதோடு லைனும் போகும். இதைத் தெரிந்துகொண்டே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவனோடு விநாடிக்கு விநாடி போட்டி போடுவது எனக்குப் புரியாத வீரம்.

நேரலையில் என்ன நடக்கிறது என்று பார். மண்டபத்தில் ஏலம் கூவுபவர் மணிக்கு நூறு, நூற்றைம்பது லாட் தள்ளுகிறார். ஒரு லாட்டுக்கு அரை நிமிஷம் கிடைத்தால் பெரிது. படமும் குரலும் உன் போனுக்கு வந்து சேர ஓரிரு விநாடி, சில சமயம் அதற்கும் மேலே. நீ பட்டனைத் தட்டியது அங்கே போய்ச் சேர இன்னும் கொஞ்சம். உன் திரையில் 'கேட்கலாம்' என்று பச்சையாக மின்னும்போதே அங்கே சுத்தியல் விழுந்திருக்கும். நீயும் மண்டபத்து ஆளும் ஒரே விலையில் மோதினால் பல இடங்களில் மண்டபத்து ஆளுக்குத்தான் கொடுப்பார்கள். தளம் நின்று போனால் தாங்கள் பொறுப்பில்லை என்று எல்லாக் கம்பெனியும் எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. விற்பவருக்காக ஏலத்தை நகர்த்துவதுதான் அவர்கள் தொழில்.

அதனால் வேண்டிய லாட்டுக்கு முந்தின நாளே எழுத்துமூலம் உச்ச விலையை அனுப்பிவிடு. நேரலையை வேடிக்கை பார்க்க மட்டும் வைத்துக்கொள். விலை கூடிய லாட் என்றால் தொலைபேசியில் கேட்க ஏற்பாடு செய்யச் சொல், கேட்டால் செய்து தரும் கம்பெனிகள் உண்டு.

பேர் பதிவது இன்னொரு தலைவலி. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் பதிந்து, அடையாள அட்டைப் படமும் வீட்டு முகவரிக்கு மின்கட்டண பில்லும் அனுப்பிவிட்டு நான் காத்திருந்தேன். குறித்து வைத்திருந்த லாட் வந்து, போய், விற்று முடிந்தது. அதற்கப்புறம் சாவகாசமாக மடல் வருகிறது, உங்கள் பதிவை ஏற்றுக்கொண்டோம் என்று. புது ஆளுக்குச் சரிபார்க்க இரண்டு மூன்று வேலை நாள் பிடிக்கும் என்றே வைத்துக்கொள். ஒரு வாரம் முந்திப் பதி.

7. நேர வித்தியாசம்

லண்டன் நமக்குக் குளிர்காலத்தில் எட்டு மணி நேரம் பின்னால், கோடையில் ஏழு. நியூயார்க் பதின்மூன்று, கோடையில் பன்னிரண்டு. அவர்கள் கடிகாரத்தை மாற்றும் வாரத்தில்தான் நம் ஆட்கள் ஒரு மணி நேரம் பிந்திப் போய் உட்காருகிறார்கள். உச்ச விலையை முன்பே கொடுத்தவனுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. விடிந்ததும் பார்த்தால் போதும்.

8. கடைசி விநாடிக்காரன்

கடிகாரம் நிற்க மூன்று விநாடி இருக்கும்போது வந்து தட்டிக்கொண்டு போகிறவனைத் திட்டாதே. அவன் உன்னைவிட ஒரு படி அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தான், அவ்வளவுதான். உன் சீட்டில் எழுதிய எண்ணுக்குள் இருந்திருந்தால் இயந்திரம் உனக்காகக் கேட்டிருக்கும்.

சில தளங்களில், நம்ம ஊர் முகநூல் ஏலங்கள் பலவற்றிலும், கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ நீளும். இதுதான் நியாயமான முறை என்பேன். ஆனால் நியாயமானதே ஆபத்தும். நீள நீள மனசு இளகும். எழுதிய எண்ணைத் தாண்டி ஒரு படி, இன்னொரு படி என்று போய்விடும்.

9. ஜெயிக்கிற ஆசையைக் கோயிலில் விட்டுவிட்டு வா

தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்து முருகன் கோயில் ஒன்றில் 2024 பங்குனி உத்திரத் திருவிழாவின்போது வேலில் குத்திய ஒன்பது எலுமிச்சம்பழங்களை ஏலம் விட்டார்கள். இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் போனது. பழத்தின் விலை என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டவருக்குக் குழந்தை வரம், ஊராருக்கு நடுவில் மரியாதை, கோயிலுக்கு வருமானம். நம்ம தோட்டத்துத் திருவிழாக்களிலும் சேலைக்கும் பழத்தட்டுக்கும் இப்படி ஏலம் நடக்கும்போது கங்காணி வீட்டுக்கும் கிராணி வீட்டுக்கும் போட்டி வந்து விலை வானத்துக்குப் போனதைப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். அங்கே கூடக் கொடுத்தவருக்கு நஷ்டமில்லை.

காசு ஏலத்தில் நீ கூடக் கொடுத்ததைப் பார்க்க ஊரே இல்லை. திரையில் நீ ஓர் எண், எதிராளி இன்னோர் எண். 1908 டாலரை மார்க்கெட் விலைக்கு மேலே நூறு வெள்ளி கொடுத்து எடுத்தவனுக்கு, அடுத்த மாதம் அதே தரத்தில் இன்னொன்று வரும்போதுதான் வயிறு எரியும். வரும், கட்டாயம் வரும். ஸ்ட்ரெய்ட்ஸ் காசுகளில் முக்கால்வாசி இப்படி வந்துகொண்டே இருப்பவைதான்.

தோற்றுப்போன அன்றைக்கு வேறு எதையும் வாங்காதே. கை அரிக்கும். அடுத்த லாட்டில் அதைவிட மோசமான காசை, ஒதுக்கிய பணம் கையில் இருக்கிறதே என்பதற்காகவே எடுத்துவிடுவாய். ஆல்பத்தில் அழகில்லாமல் இருக்கும் காசுகள் பெரும்பாலும் இப்படிச் சேர்ந்தவை.

10. படமும் பெட்டியும்

பளபளவென்று இருக்கும் பழைய வெள்ளிக்காசைச் சந்தேகப்படு. நூறு வருஷக் காசு இயற்கையாக மங்கும், ஓரத்தில் நீலமோ பழுப்போ ஏறும். சாம்பல் போட்டுத் தேய்த்த காசில் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். நேர்ப் படத்தில் அது தெரியாது, சாய்த்து வெளிச்சம் படும்படி எடுத்த படத்தில் தெரியும். சாய்த்து எடுத்த படமும் ஓரத்தின் படமும் கேட்டு வாங்கு.

பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரம் குறித்த காசு என்றால் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு கம்பெனிகளின் பெட்டிகளைத்தான் அதிகம் பார்ப்பாய். 1986, 1987இல் அமெரிக்காவில் வேலை தொடங்கியவை. எழுபது புள்ளி வரைக்கும் தரம் போடுவார்கள். அந்த அளவுகோலை வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கப் பழைய செம்புக் காசுகளுக்காக உண்டாக்கினார். 64க்கும் 65க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலையில் மட்டும் நன்றாகத் தெரியும். அந்த ஒரு புள்ளிக்காகப் பணத்தைக் கொட்டாதே என்பது என் கட்சி. லேபிளில் எண்ணுக்குப் பதிலாக 'டீடெயில்ஸ்' என்று இருந்தால் காசு சுத்தம் செய்தது அல்லது சேதப்பட்டது, விலை பாதிதான். பெட்டியிலும் போலி வந்துவிட்டது. லேபிள் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, நல்ல எண்ணையே திருடிப் போடுகிறார்கள். அங்கே படம் இருந்தால் உன் காசின் கறையும் கீறலும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பார்.

11. நம்ம மாநிலத்துத் தொப்பிக் காசு

பகாங் பிள்ளைகள் எல்லாரும் ஒரு நாள் தம்பாங் ஆசையில் விழுவார்கள். ஈயத்தில் வார்த்த, சதுர விளிம்பும் நடுவில் எழும்பிய மேடும் உள்ளீடற்ற அடிப்பக்கமுமாகத் தொப்பி மாதிரி இருக்கும் பழைய பகாங் பணம். ஈயம் என்று நாம் இங்கே சொல்வது வெள்ளீயம், காரீயம் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை அது புழங்கியது. நம் மாநிலத்தின் சொந்தப் பணம் என்கிற பாசம் எனக்கும் உண்டு.

அதனாலேயே சொல்கிறேன்: இணையத்தில் படம் பார்த்துத் தம்பாங் வாங்காதே. வெள்ளி டாலருக்கு இருப்பது போல நிலையான எடை அதற்குக் கிடையாது. ஈயத்தை அடுப்பிலேயே உருக்கலாம், மணல் அச்சில் ஊற்றலாம், மண்ணில் புதைத்து எடுத்தால் பழசு மாதிரி ஆகிவிடும். முதலை, ஆமை, சேவல் வடிவ ஈயப் பணமும் இப்படித்தான். சுற்றுப்பயணிகளுக்கென்றே வார்த்தவை எத்தனையோ ஊர் சுற்றுகின்றன. முதலில் கோலாலம்பூர் போகும்போது சாசனா கிஜாங்கில் பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்குப் போ. பழைய ஈயப் பணத்தின் முகத்தையும் விளிம்பையும் கண் நிறையப் பார்த்துவிட்டு வா. பிறகும் ஆசை விடவில்லை என்றால், பழைய சேகரிப்பு ஒன்றிலிருந்து வந்தது என்று அச்சான பட்டியலில் படத்தோடு இருக்கும் உருப்படியை மட்டும் கேள். விலை கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் விலை ஈயத்துக்கு இல்லை, அந்தப் பட்டியல் பக்கத்துக்கு.

12. ராஜராஜன் காசு வேண்டுமா?

சோழர் காசு, கரூர் ஆற்று மணலில் கிடைத்த காசு என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை அந்த நாட்டைவிட்டுத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. மும்பையிலோ பெங்களூரிலோ நடக்கும் ஏலத்தில் இணையம் வழியாகக் கேட்டு ஜெயித்தாலும் அது உன் கைக்கு வராது. தபாலில் மறைத்து அனுப்புகிறேன் என்று எவனாவது சொன்னால் போனை வை. பெருவழுதி பெயர் பொறித்த பாண்டியர் காசைக் கண்டெடுத்துச் சங்க காலக் காசுகளுக்கு ஒரு சரித்திரம் உண்டாக்கிய தினமலர் இரா. கிருஷ்ணமூர்த்தி எழுதியதைப் படி. படிக்க எந்த லைசென்ஸும் வேண்டாம்.

13. காசு வீட்டுக்கு வந்த பிறகு

பொட்டலத்தைப் பிரிக்கும்போதே போனில் படம் பிடி, உறையின் முத்திரை தெரியட்டும். எடை போடு. திருப்பி அனுப்பும் கெடு பல இடங்களில் ஏழு நாளோ பதினாலு நாளோதான், பெட்டியில் அடைத்த காசைப் பெரும்பாலும் திருப்பி எடுக்கவே மாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று வைத்துவிடாதே.

கழுவாதே, துடைக்காதே. பிரிஞ்சாங் ஈரம் காசுக்கு எதிரி. சட்டையே காயாத ஊரில் செம்பு எப்படிச் செம்பாக இருக்கும்? மெத்தென்ற பி.வி.சி. உறையில் வைத்தால் கொஞ்ச வருஷத்தில் பச்சையாகப் பிசுபிசுவென்று படியும், அது காசை அரிக்கும். பி.வி.சி. இல்லாத உறை என்று கேட்டு வாங்கு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வை, ஜெல்லை மாதாமாதம் மாற்று. மர அலமாரி வேண்டாம்.

பில், லாட் எண், ஏலப் பட்டியல் பக்கம், எடை, வந்த நாள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர். கமிஷன், தபால் உட்பட மொத்தம் எவ்வளவு ஆனது என்பதையும் அதிலேயே எழுது. பிற்பாடு நீ அந்தக் காசை ஏலத்துக்குக் கொடுக்கும்போது, விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். அப்போது குறைந்தபட்ச விலை என்ன வைக்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்தக் கோப்பைப் பார்த்துச் சொல்.